நிறுத்துவதா, தடுப்பதா, இரண்டுமா?

"ஆண்ட்டி, இந்த மாசம் இது நாலாவது பெட்டி" என்றான் கெமிஸ்ட் கடைப் பையன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். தென்னாப்பிரிக்காவில் கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த தலைவலி மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். வாங்குகிறவர் பெயரைக் கடையில் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதிவில் என் பெயர் நாலு தடவை ஏறியிருந்தது. "வீட்டுல எல்லாருக்கும் சேர்த்துத்தான் தம்பி" என்றேன். பொய். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தலைவலி கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம் எல்லாம் போட்ட காலண்டர், வருஷா வருஷம் கோயிலில் கொடுப்பது. ஞாபகம் இருந்தவரைக்கும் மாத்திரை போட்ட நாளையெல்லாம் பென்சிலால் சுழித்தேன். 22 நாள். மீதி இருந்த 8 நாளில் 3 நாள் தலைவலிப் பொடி போட்டிருந்தேன். பொடியை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி 2006இல் டர்பனுக்கு, சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். வார நாளில் ஒரு மசாலா மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறு கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி 16 வயதிலிருந்து உண்டு. இடது பொட்டில் பிடித்து, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, வாந்தி எடுத்தால்தான் அடங்கும். ஊரில் இருந்தபோது மாதம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அது எந்த வருஷத்தில் மாதம் 20 நாள் ஆனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் என் நாத்தனார் மகள். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறாள், 30 வயது. நான் போன அதே பாதையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். "மாமி, வலி மாத்திரைய ஒரேயடியா நிறுத்திடவா, இல்ல டாக்டர் சொல்ற தடுப்பு மாத்திரைய ஆரம்பிக்கவா, இல்ல ரெண்டையும் சேர்த்துச் செய்யவா?" என்று கேட்டாள். மூன்று வழியில் இரண்டை நானே நடந்து பார்த்தவள் என்பதால் கேட்டாள்.

எண்ண வேண்டியது நாட்களை

முதலில் கணக்கு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேனின் குணத்தோடு, 3 மாதத்துக்கு மேல் இப்படியே போனால் அது நாள்பட்ட மைக்ரேன். அந்த 15 நாள் தலைவலிக்காரர் வலி மாத்திரையையும் 3 மாதத்துக்கு மேல் அளவு மீறிப் போட்டுக்கொண்டிருந்தால், மாத்திரையே தலைவலிக்குத் தீனி போடுகிறது என்று பொருள். அளவு மருந்துக்கு மருந்து மாறும். வெறும் பாராசிட்டமால், வெறும் ஐபுபுரூஃபென், வெறும் ஆஸ்பிரின் என்றால் மாதம் 15 நாள். கோடீன், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான், எர்காட் வகைகள், இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே எல்லை. தலைவலி வைத்தியர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில், 2018இல் வந்ததில், இப்படித்தான் இருக்கிறது.

எத்தனை மாத்திரை என்பது இதில் வரவே இல்லை, பாருங்கள். ஒரே நாளில் ஆறு போட்டாலும் கணக்குக்கு அது ஒரு நாள்தான் (வயிற்றுக்கும் ஈரலுக்கும் வேறு கணக்கு, அது கிடக்கட்டும்). தினம் அரை மாத்திரை வீதம் 12 நாள் போட்டால் 12 நாள். "நான் என்ன, ஒண்ணே ஒண்ணுதானே போடறேன்" என்று சொல்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

இன்னொரு விசித்திரம். என் மாமனார் மூட்டுவலிக்கு வருஷக்கணக்காகத் தினமும் மாத்திரை போட்டார். ஒரு நாள் கூட அவருக்குத் தலை வலித்ததில்லை. தலைவலி இயல்பு ஏற்கெனவே இருக்கிற ஆளுக்குத்தான் இந்தப் பொல்லாப்பு. அடிக்கடி மருந்து போடும்போது, வலியை அடக்க மூளை வைத்திருக்கும் சொந்த ஏற்பாடு மந்தமாகி, வலியைக் கடத்தும் நரம்புகள் கூர்மையாகின்றன என்று விளக்கம் சொல்கிறார்கள். மாத்திரையின் வேகம் இறங்கும்போது அடுத்த வலி எழும். அதற்கு மாத்திரை. அது இறங்கும்போது அடுத்தது.

கையில் இருப்பது எது?

நிறுத்தும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் எதை நிறுத்துகிறோம் என்று தெரிய வேண்டும். இந்த ஊரில் இது பெரிய விஷயம்.

பொடியிலிருந்து தொடங்குகிறேன். பெட்ரோல் பங்கிலும் தெருமுனைக் கடையிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குமே, தாளில் மடித்த பொட்டலம். மடிப்பைப் பிரித்து நாக்கில் தட்டி, மேலே ஒரு மடக்கு கோக். ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபின் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. மூன்று சேர்ந்தது என்பதால் இது கலவை வகை, எல்லை 10 நாள். மிட்டாய் மாதிரி விற்பதால் யாரும் மருந்தாக நினைப்பதில்லை. காஃபினுக்கு இன்னொரு குணம் உண்டு. பழகிய உடம்பில் அது இறங்கினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அதுவே ஒரு தலைவலியைக் கொண்டுவரும். பொடியும், அதன் மேல் ஊற்றும் கோக்கும், காலைக் காப்பியும் சேர்ந்து ஒரே நாளில் எவ்வளவு காஃபின் ஆகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது நான் நாலு பெட்டி வாங்கிய ரகம். பாராசிட்டமால், கோடீன், காஃபின், அதோடு தூக்கம் வரவைக்கும் டாக்ஸிலமின். ஒரு கையால் எழுப்பிவிட்டு மறு கையால் படுக்கவைக்கும் மாத்திரை. கோடீன் உடம்புக்குள் போய் ஓரளவு மார்ஃபினாக மாறுகிறது. வலியோடு சேர்த்து மனக்கவலையையும் கொஞ்சம் மழுக்குகிறது. அதனால் வலி வந்த பிறகு போட்ட மாத்திரையை, வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் போட ஆரம்பிக்கிறோம். கோயில் கூடத்தில் வகுப்பு இருக்கிற சனிக்கிழமை காலையில் நான் வலியே இல்லாமல் இரண்டு போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஐபுபுரூஃபென், நாப்ராக்சன் வகையை ஒப்பிட்டால் தலைக்குக் கொஞ்சம் சாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சாது இல்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கிற நம் சமூகத்தில், சிறுநீரகத்தைக் கணக்கில் எடுக்காமல் இதைத் தினம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

டிரிப்டான், அதாவது சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்றவை, மைக்ரேனுக்கென்றே வந்தவை. சரியான நேரத்தில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் ஆளை எழுப்பி உட்கார வைக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இதற்கும் 10 நாள்தான் எல்லை. ஆனால் நிறுத்தும்போது இது மற்றவற்றைவிடச் சீக்கிரம் விட்டுவிடும். டிரிப்டானை நிறுத்தியவர்களுக்கு, நிறுத்தியதால் வரும் தலைவலி சராசரியாக 4 நாள். சாதாரண வலி மாத்திரை, கலவை மாத்திரைக்காரர்களுக்கு 9, 10 நாள்.

மூன்று வழி

முதல் வழி, வலி மாத்திரையை நிறுத்துவது மட்டும். நம் ஆட்களுக்கு இது மனசுக்குப் பிடித்த வழி. காவடி எடுப்பவர்கள், புரட்டாசி முழுக்கக் கறி தொடாதவர்கள்; நிறுத்துவது என்றால் விரதம் என்று பட்டென்று புரிந்துகொள்கிறோம். "ஒரு மண்டலம் விரதம்னு நெனச்சுக்கோம்மா" என்றார் என் மாமியார். நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம் கூடச் சொல்லாமல், ஒரு ஆடி மாதத்தில், பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

நேரம் தப்பு. ஆடியில் இங்கே வாராவாரம் எங்காவது மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். விறகுப் புகை, சாம்பிராணி, கூட்டம். போதாததற்கு மலைப்பக்கமிருந்து இறங்கும் வறண்ட சூடான காற்று. குளிர்காலத்தில் திடீரென்று ஒரு நாள் அடித்து, மறுநாள் குளிரும் அந்தக் காற்று வந்தால் என் தலைக்கு முந்தின இரவே தெரிந்துவிடும். ஐந்து நாள் தாக்குப்பிடித்தேன். ஆறாம் நாள் கோயில் வாசலில் காரை நிறுத்தி, பக்கத்துப் பங்கில் ஒரு பொடி வாங்கி, காரிலேயே உட்கார்ந்து நாக்கில் தட்டினேன். அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. எனக்கு வைராக்கியம் போதவில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வழி, போடுகிற வலி மாத்திரையைத் தொடாமல், தினசரித் தடுப்பு மாத்திரையை ஆரம்பிப்பது. தடுப்பு மாத்திரை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் போடுவது. இன்றைய வலிக்கு ஒன்றும் செய்யாது, அடுத்த மாத வலிகளைக் குறைக்கும். வலி குறைய, வலி மாத்திரை தானாகக் குறையும் என்பது இதன் கணக்கு.

மூன்றாம் வழி, நிறுத்துவதும் தடுப்பதும் ஒன்றாக.

இந்த மூன்றையும் டென்மார்க்கில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020இல் வந்த ஆய்வு. 120 பேரை மூன்று குழுவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள்; 6 மாதம் கழித்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு மாதத்தில் தலைவலி நாள் 12.3 குறைந்திருந்தது. தடுப்பு மட்டும் எடுத்தவர்களுக்கு 9.9. நிறுத்தியது மட்டும் என்றால் 8.5. இந்த எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எத்தனை பேர் மாதம் 15 நாளுக்குக் கீழே இறங்கி, பழையபடி எப்போதாவது தலைவலி வரும் ஆட்களானார்கள் என்று பார்த்தால் படம் தெளிவாகிறது. சேர்த்துச் செய்தவர்களில் 100க்கு 74 பேர். தடுப்பு மட்டும் 60. நிறுத்தியது மட்டும் 42.

அந்த 42ஐப் படித்தபோதுதான் காரில் அழுத ஆறாம் நாளை நான் மன்னித்தேன். டென்மார்க்கில், டாக்டரும் நர்சும் கூட இருந்து நிறுத்தியவர்களிலேயே பாதிக்கு மேல் அந்தக் கரையை எட்டவில்லை. நான் ஆடிக்கூழ்ப் புகையில் தனியாக உட்கார்ந்துகொண்டு வைராக்கியத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேர்மையாக, எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன். அமெரிக்காவில் 720 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. அங்கே எல்லாருக்கும் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேர் பழைய வலி மாத்திரையை விட்டு, வேறொன்றுக்கு மாறி, அதையும் வாரம் 2 நாளுக்கு மேல் போடக்கூடாது. மீதிப் பேர் பழைய மாத்திரையையே தொடரலாம். இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. கடுமையான, நடுத்தரத் தலைவலி வந்த நாள், மாத்திரையை மாற்றியவர்களுக்கு 4 வாரத்தில் 9.3, பழையதைத் தொடர்ந்தவர்களுக்கு 9.1.

அப்படியானால் நிறுத்தவே வேண்டாமா? நான் அப்படிப் படிக்கவில்லை. இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது, நன்றாக வந்த குழு எல்லாவற்றிலும் தடுப்பு மருந்து இருந்தது என்பதே. தடுப்பில்லாத நிறுத்தம்தான் மூன்றில் பலவீனமானது. வலி மாத்திரையை விடவே முடியாத சூழ்நிலை, கைக்குழந்தை, இரவு வேலை, லீவு கிடைக்காத முதலாளி என்றால் இரண்டாம் வழியில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விட முடிகிறவர்களுக்கு என் ஓட்டு மூன்றாம் வழிக்கு. ஈரலும் வயிறும் சிறுநீரகமும் தலைவலி ஆய்வில் எண்ணப்படுவதில்லை, அவற்றுக்காகவும்தான்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் தாண்டிப் போக முடியாது. கோடீனையோ நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரைகளையோ நிறைய நாள், நிறைய அளவில் போட்டவர்கள் மறுநாள் காலையில் பட்டென்று நிறுத்தக்கூடாது. டாக்டர் அட்டவணை போட்டுப் படிப்படியாக இறக்க வேண்டும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், டிரிப்டான் வகையை ஒரே நாளில் நிறுத்தலாம்.

அந்தப் பத்து நாள்

இரண்டாம் முறை நான் தனியாகப் போகவில்லை. டாக்டரிடம் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு மாதத்தில் கோடீனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் தொடங்கி 25க்கு ஏற்றினார். கடைசியாக முழுக்க விடுவதற்கு ஜூலைப் பள்ளி விடுமுறையைக் குறித்தோம். முதல் சில நாள் தாண்ட நாப்ராக்சனும், குமட்டலுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மதியம் பிடித்தது. மூன்றாம் நாள் எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் குளியலறைத் தரையோட்டின் குளிர்ச்சியும், அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்ததும்தான். மாமியார் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம். ஐந்தாம் நாள் பிள்ளைகள் செருப்பைத் தேய்த்து நடந்ததற்குக் கத்தினேன். ஏழாம் நாள் வலி இருந்தது, ஆனால் முனை மழுங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் ஹடீடா கத்தியது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். நீண்ட அலகுள்ள அந்தப் பறவை கூரைமேல் நின்று கத்தினால் செத்தவனும் எழுந்து உட்காருவான். வருஷக்கணக்காக அந்தச் சத்தம் என் பொட்டில் ஆணி அடிப்பது மாதிரி இருக்கும். அன்று அது வெறும் பறவைச் சத்தமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்துப் பார்த்தேன்.

எல்லாருக்கும் இப்படிப் பத்து நாள் ஆகும் என்றில்லை. இரண்டு நாளில் தாண்டியவர்களும் உண்டு. ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமைப் பட்டினியையும் தைப்பூசத்தையும் தவிர்த்து நாள் குறியுங்கள். சாப்பாடு தவறுவதே மைக்ரேனை இழுத்துவரும்.

எந்தத் தடுப்பு?

தடுப்பு மருந்துகளில் இதுதான் உயர்ந்தது என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கவிளைவோடு நம்மால் குடித்தனம் நடத்த முடியும் என்று பார்த்துத்தான் தேர்வு. எதுவானாலும் முழு அளவை எட்டிய பிறகு 6 முதல் 8 வாரம் கொடுத்துப் பார்க்காமல் பலனில்லை என்று சொல்லிவிடக்கூடாது. பத்தாம் நாள் நிறுத்திவிட்டு "அது எனக்குக் கேக்கல" என்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அமிட்ரிப்டிலின் பழைய மாத்திரை, மலிவு. அரசு கிளினிக்கிலும் கிடைக்கும், அங்கே காசும் வாங்கமாட்டார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கு இரட்டை லாபம். வாய் உலரும், மலம் இறுகும், எடை ஏறும். எனக்கு ஒரு வருஷத்தில் 6 கிலோ. எங்கள் அம்மா வழியில் எல்லாருக்கும் சர்க்கரை என்பதால் டாக்டரே மாற்றச் சொன்னார்.

மாறியது டோபிரமேட்டுக்கு. வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. தலைவலி நன்றாகவே குறைந்தது, எடையும் இறங்கியது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், கோக் குடித்தால் கேஸ் போன சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ருசிக்கும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் "ஓடி வந்தான்" என்று பலகையில் எழுதிவிட்டு, அந்த "ஓடி"க்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்று சொல்லத் திரும்பினால், சொல் இல்லை. வினையெச்சம். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற சொல். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல் தட்டுப்படாமல் போவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. கணக்கு எழுதும் வேலை மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை தொடர்ந்திருப்பேன். தமிழ் வாத்திச்சிக்கு ஆகாது.

புரோப்ரனலால் இதயப் படபடப்புக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொடுப்பது. ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதால் கவனம். இப்போது நான் போடுவது காண்டசார்ட்டன், இதுவும் ரத்தக்கொதிப்பு மாத்திரைதான். எழுந்தால் எப்போதாவது தலை சுற்றும், வேறொன்றுமில்லை.

என் நாத்தனார் மகளுக்கு இந்தப் பட்டியல் பாதியாகச் சுருங்குகிறது, ஏனென்றால் அடுத்த வருஷம் குழந்தைக்கு யோசிக்கிறாள். டோபிரமேட்டும், வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல், காண்டசார்ட்டனும் ஆகாது. அவளுக்கு ஆஸ்துமா இல்லை என்பதால் புரோப்ரனலால், அல்லது குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் பற்றித்தான் டாக்டரிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாமிக்குக் கேட்டது என்று என் மாத்திரையை அவள் கேட்டு வாங்கிவிடக்கூடாது.

ஊசிகள் இரண்டு வகை. போடாக்ஸ், 12 வாரத்துக்கு ஒரு முறை, நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் 155 யூனிட் குத்துவார்கள். நாள்பட்ட மைக்ரேனுக்கு அமெரிக்கா 2010இல் அனுமதித்தது. சுருக்கம் போக்கும் ஊசி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மற்றது சிஜிஆர்பி என்ற வலிப் புரதத்தை மறிக்கும் ஊசி. இந்த வகையில் முதலாவது 2018இல் வந்தது. மாதம் ஒரு முறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், பழைய மாத்திரைகள் மாதிரி புத்தியை மந்தமாக்காது, எடை ஏற்றாது. விலைதான் இடிக்கிறது.

விலை என்று வந்தால் மெடிக்கல் எய்டை, அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டை, பேசாமல் முடியாது. இந்த நாட்டில் எல்லாத் திட்டமும் கட்டாயம் மருந்துக்குப் பணம் கட்ட வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியல் ஒன்று சட்டப்படி இருக்கிறது. ஆஸ்துமா அதில் உண்டு, வலிப்பு உண்டு, ரத்தக்கொதிப்பு உண்டு. மைக்ரேன் இல்லை. அதே டோபிரமேட் மாத்திரை வலிப்புக்காரருக்குக் கட்டாயம். எனக்கு என்றால் திட்டத்துக்குள் என் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து. அந்தச் சேமிப்பு ஜூன், ஜூலையிலேயே காலியாகிவிடுவது வழக்கம். மேல்மட்டத் திட்டங்கள் சில தாமாகச் சேர்த்துக்கொள்கின்றன. வருஷக் கடைசியில் திட்டத்தை மாற்றும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். அரசு வழியில் போனால் கிளினிக், அங்கிருந்து மருத்துவமனை, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு. நேராகப் போய் நிற்க முடியாது. காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை, அமிட்ரிப்டிலினைக் கிளினிக்கிலேயே ஆரம்பிக்கலாம். என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்குச் சரியான முதல் படி அந்த மலிவு மாத்திரைதான். ஊசி, மூன்று மாத்திரை தோற்ற பிறகு பேச வேண்டியது.

மக்னீசியம், தினம் 400 மில்லிகிராம் ரைபோஃப்ளேவின் இரண்டும் சிலருக்கு உதவுகின்றன. தைலம் மணத்துக்கு நல்லது.

நிறுத்தியவர்களில் பத்துக்கு நாலு பேர் முதல் வருஷத்துக்குள்ளேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒரு டிசம்பரில், வீடு நிறைய விருந்தாளி, அந்தப் பக்கம் சாய்ந்தேன். இப்போது எனக்கு விதி, வாரத்தில் 2 நாள். வலி தொடங்கியதும் தாமதிக்காமல் டிரிப்டான், தேவையானால் கூடவே நாப்ராக்சன். மூன்றாம் நாள் வலி வந்தால் இருட்டறை, ஐஸ் பை, திட்டு. கோடீன் வீட்டுக்குள் வருவதில்லை. பொடியும்.

இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தலைவலி, கர்ப்பத்தில் புதிதாக வரும் தலைவலி, இவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. உடனே ஆஸ்பத்திரிக்கு.

நாத்தனார் மகள் புரட்டாசி முடிந்த மறு திங்கட்கிழமையை நாள் குறித்திருக்கிறாள். அதுவரை ஒன்றையும் மாற்றாதே, எண்ண மட்டும் செய் என்று என்னிடம் மிச்சம் இருந்த ஒரு காலண்டரையும் பென்சிலையும் கொடுத்துவிட்டேன். நேற்று இரவு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். 19 சுழி. நாலு சுழிக்குள்ளே சின்னதாக "பொ" என்று எழுதியிருந்தாள்.